விஜி கட்டிய கயிறு

"கையில இருக்கிற கயித்தை அவுத்துடுங்க சார். படத்துல நீங்க குடிகாரர்" என்றார் டைரக்டர் சரண்.

"அத யாரும் தொடக் கூடாது!" அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள் விஜி.

குடிக்கு அடிமையான ராணுவ வீரரின் கதை. நடிக்க வந்த நாகப்பனும் எல்லையில் சண்டை பார்த்துத் திரும்பியவர்தான். இனி குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கி, அம்மன் கோயிலில் மனைவி விஜி கட்டிவிட்ட கயிறு அது.

நாகப்பன் முழுக்கைச் சட்டையை இழுத்து அதை மறைத்துக்கொண்டார். வெள்ளானூரில் அவர்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு. ரம் பாட்டிலில் பால் சேர்க்காத டீ.

கேமரா ஓடியது. நாகப்பன் இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை எதிரே இருந்த காலி நாற்காலியின் பக்கம் தள்ளினார்.

"குடி மாமே. இன்னாத்துக்கு அப்டியே பாத்துகினு கீற? உன்னத் தூக்கியாரத்தான் திரும்பி வந்தேன். அதுக்குள்ள பனி மூடிக்கிச்சுடா."

சரண் மெல்ல "கட்" சொல்லிவிட்டு விஜியிடம் வந்தார்.

"இந்த வசனத்தை நான் எழுதவே இல்லையேக்கா! குடிச்ச காலத்துல இப்படித்தான் பேசுவாரா?"

"இல்ல தம்பி. குடிச்சுகினு இருக்கச்சொல்ல படுத்தா தூங்கிடுவாரு. நிறுத்துனப்புறம்தான் பனியில செத்துப்போன அந்த ஆளு தினம் வந்து எதிர்ல குந்திக்கிறான்."

கேமராவை அணைத்தும் நாகப்பன் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

விஜியின் குரல் இறங்கியது.

"கயித்த அவுக்கணும்னு சொன்னீங்களே, நீங்களே அவுத்துடுங்க தம்பி. கட்டுன கையால எனக்கு அவுக்க வரல."