கை தூக்காதவள்

மே தினக் கிராம சபையில் எல்லாக் கையும் மேலே போனது. அம்சவள்ளியின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் ஆரோக்கியசெல்வி, மகளிர் குழுத் தலைவி. போனில் ஆடும் போக்கர் சீட்டாட்டத்துக்கு விதிமுறை வைத்து அனுமதிக்கலாமா என்று டிவியில் யார் யாரோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். விதிமுறையாவது ஒன்றாவது, அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது இவள் கட்சி. காரணம் ஊருக்கே தெரியும். அவள் தம்பி பிராங்க்ளின் படகையும் வலையையும் அந்த ஆட்டத்தில் தொலைத்துவிட்டு, இப்போது கோட்டக்குப்பத்தில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான்.

"என்னம்மா அம்சவள்ளி, கை வலியா?" என்று பஞ்சாயத்துத் தலைவர் கேட்டார். கூட்டம் சிரித்தது.

அம்சவள்ளி எழுந்தாள். "தடை வேணாங்க. வரம்பு வெச்சு நடத்தட்டும்." தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆரோக்கியசெல்விக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அம்சவள்ளியின் புருஷன் பாவாடை, உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். இந்த ஆட்டத்தில் பெண்டாட்டியின் தோடு வரைக்கும் தோற்றவன். அந்தப் பெண்டாட்டியே இப்படிப் பேசினால்?

"ரெண்டு பேரும் சேந்து ஆடறாங்களோ என்னமோ," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் வேலை பார்க்கும் உப்பளத்தில் அதற்குச் சாட்சியும் கிடைத்தது.

காலைச் சாப்பாட்டு நேரம். பெண்கள் எல்லாம் கொட்டகை நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள். அம்சவள்ளி மட்டும் தள்ளி வரப்பின் மேல், குவித்த உப்புக்குப் பின்னால், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்தாள். பக்கத்தில் இருந்த லூர்துமேரி கண்ணால் காட்டினாள். தினமும் இதே கதைதானாம். யாராவது கிட்டே போனால் போனைக் கவிழ்த்துக்கொள்கிறாளாம்.

ஆரோக்கியசெல்வி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இவளைக் குழுவை விட்டு எடுத்துவிடுவது என்று வரப்பில் நடக்கும்போதே முடிவு செய்தாள். எடுத்துவிட்டால் ஊரில் ஒருத்தியும் அவளோடு முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பேச வேண்டாம்.

துண்டைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை உப்பில் பட்ட வெயிலுக்கு அம்சவள்ளி கண்ணைச் சுருக்கினாள். கையில் போன். போனில் பச்சை மேசை, அதில் சீட்டு.

"ஏண்டி, தோடு போனது பத்தலையா?"

புதுச் சீட்டு விழுந்தது. அம்சவள்ளி என்ன சீட்டு என்றுகூடப் பார்க்காமல் திரையைத் தட்டினாள். சீட்டு போய்விட்டது. அடுத்தது விழுந்தது. உப்பில் வெடித்த விரலுக்குத் திரை மசியவில்லை. விரல் முட்டியால் தட்டினாள். அதுவும் போனது.

"என்னடி ஆட்டம் இது? வர்ற சீட்டையெல்லாம் தூக்கிப் போடறே?"

"எனக்கு ஆடத் தெரியாதுக்கா."

"பின்ன?"

"இது அவரு கணக்கு. என் போன்லயும் தொறந்து வெச்சிருக்கேன். ஏதோ நல்ல புத்தி வந்த நாள்ல, தினம் ஒரு மணி நேரந்தான்னு அவரே இதுல வரம்பு வெச்சாரு. அந்த ஒரு மணி நேரம் போதாதா, கூலி மொத்தமும் போறதுக்கு? காசு கட்டாத மேசையில உக்காந்தாலும் நேரம் ஓடுதுக்கா. அதான் அவரு தொறக்கறதுக்குள்ள நானே ஓட்டித் தீத்துடறேன். மத்தியானம் லாரி நிக்கும்போது தொறப்பாரு. இன்னிக்கு நேரம் முடிஞ்சிதுன்னு வரும். ரெண்டு கெட்ட வார்த்தை பேசிட்டுச் சோத்தைத் தின்னுவாரு."

"அந்த ஆப்பை அழிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

அதையும் செய்து பார்த்திருக்கிறாள். மறுநாளே எவனோ அனுப்பிய லிங்க்கில் பாவாடை ஆட ஆரம்பித்துவிட்டானாம். அதில் ஆதாரும் கேட்கவில்லை, நேரமும் கிடையாது. தோடு போனது அதில்தானாம். அந்தப் பயத்தில்தான் பழைய ஆப்புக்கே திரும்பினானாம்.

"உங்க தம்பி ஆடுனதுல வரம்பு இருந்துச்சாக்கா?"

ஆரோக்கியசெல்விக்குத் தெரியவில்லை. தம்பியிடம் அவள் கேட்டதெல்லாம் 'ஏண்டா' ஒன்றுதான்.

"நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமேடி."

"ஊருக்கு நடுவுலயா? ஆம்பளைங்க பக்கம் அவரும் உக்காந்திருந்தாரேக்கா."

சீட்டு விழுந்தபடி இருந்தது. அம்சவள்ளியும் தட்டியபடி இருந்தாள்.

"அவன் கண்டுபிடிச்சுப் பாஸ்வேர்டை மாத்திட்டான்னா?" ஆரோக்கியசெல்வியின் குரல் இறங்கியிருந்தது.

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டாருக்கா. வேற போன்ல ஆடியிருக்குன்னு அதுலயே காட்டிடுச்சாம். என்னைப் பாத்தாரு. ஒண்ணும் பேசலை." அம்சவள்ளி இன்னொரு சீட்டைத் தூக்கிப் போட்டாள். "மாத்த ஒரு நிமிஷம் ஆவாது அவருக்கு. இன்னும் மாத்தலை."

மேஸ்திரி சாலமன் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார். சாப்பாட்டு நேரம் முடிந்தது, எல்லாரும் பாத்தியில் இறங்க வேண்டும். அம்சவள்ளி உப்பு வாரும் பலகையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். திரையின் மூலையில் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது.

ஆரோக்கியசெல்வி கையிலிருந்த துண்டை அவள் தலையில் பழையபடி போர்த்திவிட்டாள். தன் பலகையோடு அவள் பலகையையும் எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டாள்.

"உன் பாத்தியை நான் வாரிக்கறேன். நீ ஆடி முடிச்சிட்டு வா."