சத்தம் குறைஞ்சது

“இதைவிடச் சத்தம் குறைஞ்சது இருக்கோ எண்டு கேளடா.”

நொயலுக்கு ஆங்கிலம் போதாது. சிட்னிக்குப் பக்கத்தில் பரமட்டாவில் துவக்கு விற்கிற கடைக்காரரிடம் அவனுடைய நண்பன் பொனிபஸ்தான் கேட்டுச் சொன்னான். நொயலுக்கு ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் குடியிருந்து முயல் பிடிக்கிற வேலை. பொறியில் அகப்பட்டதைத் துடிக்க விடாமல் கொல்ல ஒரு சின்ன ரிவால்வர் வேண்டும். பொலிஸ் அனுமதியும் கையில் இருந்தது.

மூன்றாவதையும் நொயல் வேண்டாமென்று தள்ள, கடைக்காரரின் முகம் மாறியது.

“பொறியில கிடக்கிற முயல் சத்தம் கேட்டு எங்க ஓடப்போகுது எண்டு கேக்கிறார். எனக்கும் விளங்கேல்லை,” என்றான் பொனிபஸ். வீட்டில் மனைவியோடு ஏதும் சண்டையோ என்று நொயலை உற்றுப் பார்த்தான்.

நொயல் தலை குனிந்தான். “அன்னமலரும் பிள்ளையும் மன்னாரில இருந்து வந்து ஒரு மாசந்தான். இனி வெடிச்சத்தம் அவளின்ர காதில விழவே கூடாது.”

பொனிபஸ் அதை மொழிபெயர்த்ததும், கடைக்காரர் உள்ளே போய், இருப்பதிலேயே சின்ன ரவை போடுகிற ரிவால்வரை எடுத்து வந்தார்.

அன்று பின்னேரம் பண்ணைக் கோடியில் நின்று நொயல் ஒரே ஒரு தரம் சுட்டுப் பார்த்தான். ஒற்றைச் சீனவெடி அளவுதான் சத்தம். இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்கள்.

குசினியில் அன்னமலர் நடுங்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, பாஸ்போர்ட்டையும் பால்மா டின்னையும் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பயப்பிடாதேங்கோ. சத்தம் தூரத்திலதான். கிட்ட வாறதுக்குள்ள ஓடியிடலாம்.”