மாளிகை அடுப்பு

நாட்டின் அதிபர் தன் மாளிகையின் பின்வாசலால் ஓடிப்போன அன்று, முன்வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே போன சனத்தோடு பிலோமினாவும் அள்ளுப்பட்டுப் போனாள். சிலர் நீச்சல் குளத்தில் குதித்தார்கள். சிலர் அவருடைய கட்டிலில் செருப்போடு புரண்டார்கள். அவள் குசினியைத் தேடிப் போய் அடுப்பைத் திருகினாள். குப்பென்று நீலமாய்ப் பற்றியது. கேஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்றபடியே செத்துப்போனவர் அவள் புருஷன். அவர் விழுந்ததும் பின்னால் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கு ஓர் அடி முன்னே நகர்ந்தார்கள். அந்த நெருப்பை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வீணாய் எரியக் கூடாதே என்று ஒரு பெரிய பானைத் தண்ணீரை ஏற்றினாள்.

"எல்லாருக்கும் தேத்தண்ணி இருக்கு, வாங்கோ!"

தண்ணீர் கொதித்ததும் திரும்பிப் பார்த்தால், வரிசை. காலையில் இரும்புக் கேட்டைப் பெயர்த்தெறிந்த அதே சனம், அதிபரின் பீங்கான் கோப்பைகளை ஏந்திக்கொண்டு, ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராகக் குளத்தடி வரை நின்றது. யாரும் நிற்கச் சொல்லவில்லை.

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். நேற்றுவரை போராட்ட மேடையில் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தான்.

"கொஞ்சம் விடுங்கோ. நாங்கள் கமிட்டி ஆக்கள்."

வரிசை முணுமுணுத்தது. ஆனாலும் விலகி வழி விட்டது. பிலோமினா ஏசத்தான் வாயைத் திறந்தாள்.

"சீனி எத்தனை கரண்டி, ஐயா?" என்றது அந்த வாய்.