கனடாக் குளிர்

செண்பகவல்லியின் புது செல்போனில் இருந்த வானிலை ஆப்புக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் அவள் முதலில் தொடுவது அதைத்தான்.

"இந்த அம்மா ஊரைத் தாண்டினதில்லை. தினமும் கனடாக் குளிரை எதுக்கு விசாரிக்கிறாங்க?" என்று பக்கத்திலிருந்த வீடியோகால் ஆப்பிடம் கேட்டது.

"மகன் அங்கேதான் இருக்கான். இந்த போனே அவன் அனுப்பினதுதான்."

"அவனையே கேட்கலாமே?"

"கேட்டாங்க. வேலையா இருக்கேன்னு பேச்சை வெட்டிடுவான். இப்பல்லாம் அம்மா என்னைத் தொடுறதே இல்லை."

மறுநாள் அங்கே பனி கொட்டியது. வானிலை ஆப் அதைக் காட்டியதும், செண்பகவல்லி திரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "காதை மூடிக்கோ ராசா."

அந்த ஊர் மேகம் ஒவ்வொன்றையும் வானிலை ஆப்புக்குத் தெரியும். அவனைத்தான் தெரியாது.