விழுந்த திசை

"வக்கீல் சார் படத்துல ஸ்கூட்டரைத் திருப்பிப் போடச் சொல்றார், அவ்ளோதான். இதுல இன்னாம்மா கஷ்டம் கீது?" என்றார் ஜஸ்டின்.

கிருஷ்ணப்பிரியா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருப்பிப் போட்டா அது பொய் சார்."

பக்கத்து நாற்காலியில் இருந்த வக்கீல் ஹேமநாதன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் கோர்ட்டில் அவர் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியாக வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் இருந்தது ஜஸ்டினின் அனிமேஷன் ஸ்டுடியோ. குழந்தைப் பாட்டுக்கு யானையையும் முயலையும் ஆடவிடுவதுதான் அங்கே வழக்கமான வேலை. விபத்து வழக்கு வந்தது இதுவே முதல் தடவை. வேலப்பன்சாவடி பக்கம், நூம்பல் திரும்புகிற இடத்தில் ஒரு காரும் ஸ்கூட்டரும் மோதிக்கொண்டன. ஸ்கூட்டரில் வந்த எழிலரசி அங்கேயே இறந்துபோனாள். மோதியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. பிறகு ஸ்கூட்டர் ரோட்டில் சறுக்கி வருவது மட்டும் ஒரு டயர் கடை கேமராவில் மங்கலாகப் பதிவாகியிருந்தது.

"அந்தப் பொண்ணுதான் ராங் சைடுல வந்து என் கட்சிக்காரர் கார்ல உரசி விழுந்திருக்கு. ஜட்ஜுக்குப் புரியற மாதிரி அதைப் படமாக்கிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் ஹேமநாதன் வந்தார். கட்சிக்காரர் பெயரைச் சொல்லவில்லை. "உங்க கிருஷ்ணப்பிரியாதான் செய்யணும்னு அவர் பிரியப்படறார். நல்லா செய்யும்னு தெரியுமாம்" என்றார்.

அதில் ஜஸ்டினுக்கும் சந்தேகமில்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களையெல்லாம் ஸ்கூல் நாளிலேயே வரைந்து தள்ளியவள் அவள். ப்ளஸ் டூ முடித்ததும் வீட்டில் ஆளாளுக்கு இன்ஜினீயரிங் என்றபோது, அப்பா ஒருத்தர்தான் பிடிவாதமாக அனிமேஷன் படிப்பில் சேர்த்துவிட்டாராம். வேலைக்கு வந்த புதிதில், ஒரு யானை உட்காரும் காட்சியை நாள் கணக்கில் போட்டுப் போட்டு அழித்தாள். "கனமே தெரியல சார். பஞ்சு மூட்டை மாதிரி உக்காருது" என்பாள்.

விபத்து வேலையையும் ஆர்வமாகத்தான் எடுத்துக்கொண்டாள். வக்கீல் சொன்னதை அப்படியே நம்பினாள். கேமராக் காட்சியை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பெரிதாக்கி, அதன் மேலேயே வரைந்தாள். ஒரு மத்தியானம் அவள் கை நின்றுவிட்டது. ஜஸ்டின் கூப்பிட்டது காதில் விழவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டையும் திறக்கவில்லை. சின்னப் பெண், செத்தவளை வரைந்து பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை பாருங்க சார்" என்று இப்போது அவள் படத்தை ஓடவிட்டாள். "ஸ்கூட்டர் பின்பக்கமா சறுக்கிட்டு வருது. தானா உரசி விழுந்த வண்டி, போற பக்கமாத்தான் சறுக்கும். எதிர்ல வந்து ஏதோ மோதித் தள்ளினாத்தான் இப்படி வரும். நான் எப்படியெல்லாமோ போட்டுப் பார்த்துட்டேன். ஸ்கூட்டர் மூக்கும் அந்தப் பக்கத்துல வண்டிங்க போக வேண்டிய திசையைப் பார்த்துத்தான் இருக்கு. அவங்க சரியான பக்கம்தான் வந்திருக்காங்க. யூ டர்ன் வரைக்கும் போகச் சோம்பல்பட்டு, கார்தான் ராங் சைடுல வந்திருக்கு."

"கேமராவுல தெளிவாவே இல்லம்மா. எது முன்னாடி, எது பின்னாடின்னு யாரு பார்க்கப் போறா?" ஹேமநாதன் குரலைத் தணித்துக்கொண்டார். "ஜெயிலுக்குப் போற வயசா அவருக்கு? ஒரு குடும்பமே தலைகுனிஞ்சு நிக்கும். யோசிச்சுப் பாரும்மா."

"எழிலரசி வீட்டுல ஒரு கைக்குழந்தை இருக்கு சார். அதை யாரு யோசிக்கிறது?"

"அவர் உன்னை நம்பித்தான் இருக்கார்."

"நானும் அவரை நம்பித்தான் சார் வரைய ஆரம்பிச்சேன்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் தழுதழுத்தது. யாரோ ஒரு கட்சிக்காரருக்காக இவள் ஏன் இப்படிக் கலங்குகிறாள் என்று ஜஸ்டினுக்குப் புரியவில்லை. வந்த வேலை கைவிட்டுப் போகாமல் இருந்தால் சரி என்று பட்டது.

"உன்னால முடியாட்டி வுடும்மா. வினோத்தாண்ட குடுத்துடறேன். அவன் திருப்பிப் போட்டுத் தருவான்."

"குடுங்க சார். ஆனா நான் செஞ்சதை எழிலரசி வீட்டு வக்கீலுக்குக் காலையிலேயே அனுப்பிட்டேன்."

ஜஸ்டின் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா காரியம் பண்ணிக்கீற? உனக்கு வேலை போவும், எனக்கு ஆபீஸே போவும். தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"தெரிஞ்சுதான் சார்."

"அந்தப் பொண்ணு இன்னா, உனக்குச் சொந்தமா?"

"இல்ல சார். போட்டோவுலதான் பார்த்திருக்கேன்."

ஹேமநாதன் கத்துவார் என்று ஜஸ்டின் எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"கீழ டீக்கடையில உக்காந்திருக்காரும்மா உங்கப்பா. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"மேல வரச் சொல்லுங்க சார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "முழுசாப் பார்க்கட்டும்."