அழியாத கோடு

"கரண்டு வைக்கிறதுக்கு முன்னாடி இடம் சரியான்னு படம் எடுத்துப் பாருங்க சார்."

கதிர்வீச்சு சிகிச்சை அறையில் நான் இப்படிக் கேட்டேன். இதைக் கேட்கவே கூடாதென்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

டெக்னீஷியன் சிரித்தார். "உங்க பாம்பன் ஆளுக எல்லாம் குளிச்சுக் கோட்டை அழிச்சுட்டு வாராங்க. உங்கம்மா நெஞ்சுல நாங்க மையில போட்ட அடையாளக் கோடு அப்படியே இருக்கு. படம் எதுக்கு?"

"அப்ப புத்துக்கட்டி ஏன் சார் பெருத்துக்கிட்டே போகுது?"

அவர் வாய் திறப்பதற்குள் உம்மா அழுதுவிட்டார்.

"உங்க கோடு முதல் வாரமே அழிஞ்சு போச்சு. ஏசுவீங்கன்னு பயந்து, கண்ணாடியப் பாத்து நானே மருதாணியில வரைஞ்சுக்கிட்டேன்."

டெக்னீஷியன் அன்றுதான் குனிந்து பார்த்தார்.

"மருதாணிக்கும் உங்க மைக்கும் வித்தியாசம் தெரியாமலா சார் இத்தனை நாள் கரண்டு வச்சீங்க?"

உம்மாவுக்குப் பர்தாவை மாட்டிவிட்டேன். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட, பஸ்ஸைப் பிடிக்க அவர் கையைப் பற்றிக்கொண்டு வெளியே நடந்தேன்.