கை தூக்கி ஒரு சுற்று

ரத்தப் புற்றுநோய் வார்டின் தனியறையில் படுத்திருந்த தமிழரசி, தோழி எஸ்தர் கண்ணாடிக்கு வெளியே தொப்பி, முகமூடி, அங்கி என்று மாட்டிக்கொள்வதைப் பார்த்தாள். நர்ஸ் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடமாக இருவரும் கம்பெனியில் கெமிக்கல் ஊற்றிக் கம்ப்யூட்டர் சிப் கழுவும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். அங்கே சிப்பின் மேல் தூசு படக்கூடாதென்று மூடிக்கொண்டார்கள். இங்கே தமிழரசியின் மேல் படக்கூடாதாம். உள்ளே வந்ததும் எஸ்தர் பழக்கதோஷத்தில் இரு கைகளையும் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள், கம்பெனி வாசலில் காற்று பீய்ச்சித் தூசு தட்டும் அறையில் நிற்பதுபோல. "இங்க காத்தெல்லாம் அடிக்காதுடி" என்று சிரித்த தமிழரசி சட்டென்று நிறுத்தினாள். அங்கியின் தொளதொளத்த கை சரிந்த இடத்தில், நாவல்பழ நிறத்தில் ஒரு கன்றிய தடம்.

"அது என்னடி கையில?"

எஸ்தர் திருப்பிப் பார்த்தாள். "தெரியலயே. எங்கயாவது இடிச்சிருப்பேன்."

நான்கு மாதத்துக்கு முன்னால் டாக்டரிடம் தமிழரசியும் அதைத்தான் சொன்னாள். பல் விளக்கும்போது ரத்தம் வருதா என்று அவர் அடுத்துக் கேட்டார். அதையே எஸ்தரிடம் கேட்கத் தமிழரசி இப்போது வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு உனக்கு எந்த ஷிப்ட்டு?" என்றாள்.